கேஸ் எண் பதினேழு

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். ஐம்பது வயதாகி, முன்நெற்றி நரைத்து, பல்கலைக்கழகத்தில் ஒரு துறைக்கே தலைவியாக உட்கார்ந்த பிறகும் அவள் சின்னவள்தான். பெரியவள் என்று ஒருத்தி இருக்கும்வரை அந்தப் பட்டத்தை யாரும் பறிக்க முடியாது. மாணவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் வேறு: ‘ஒருபுறம் மேடம்’. எதைக் கேட்டாலும் “ஒருபுறம் பார்த்தால்” என்று ஆரம்பிப்பாள், “மறுபுறம் பார்த்தால்” என்று இழுப்பாள், அதற்குள் மணி அடித்துவிடும். நேர் கேள்விக்கு நேர் பதில் சொல்லி அவளை யாரும் பார்த்ததில்லை.

அவள் படித்தது, பிறகு பாடம் சொன்னது எல்லாம் சமயமும் அறவியலும். அந்தப் படிப்பில் சேர்கிறவர்களில் பாதிப் பேர் வேறு எதிலும் இடம் கிடைக்காமல் வந்து விழுந்தவர்கள். இவள் ஆசைப்பட்டுச் சேர்ந்தாள். பத்து வயதில் அப்பா போனபோது ‘எங்கே போனார்’ என்று கேட்டாள். ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். சரியான பதில் எங்கேயோ ஒரு புத்தகத்தில் இருக்கும் என்று அவளுக்கு அப்போதே ஒரு நம்பிக்கை. சொந்தக்காரர்கள் கேலி பண்ணாமல் விடுவார்களா? “சாமி படிப்பா? பாஸானா சாமியாயிடுவியா?” என்று ஒரு பெரியப்பா கேட்டார். அக்காவின் கணவர் லிஃப்ட் ரிப்பேர்காரர். அவர் பங்குக்கு, “நீ அங்க போக வழி மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு, லிஃப்ட் நான் போட்டுத் தரேன்” என்பார். அக்கா மட்டும் கேலி செய்யவில்லை. “அவ படிக்கட்டும். நம்ம வீட்ல ஒருத்தருக்காவது இதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்” என்று சொல்லிவிட்டாள்.

அக்காவுக்கு ஏழு வயது கூட. ஒரு ஜவுளிக்கடைக்குத் திருத்தல் வேலை செய்து கொடுப்பவள். கால்சட்டை நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது. காலையில் பை நிறையத் துணி வரும், ஒவ்வொன்றிலும் அளவு எழுதிய சீட்டைக் குண்டூசியில் குத்தியிருப்பார்கள், சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை வீட்டிலேயே வைத்துச் செய்தாள். காரணம், அம்மா.

அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பதினான்கு மாதம் படுக்கை. பேச்சு போய்விட்டது, சத்தம் மட்டும் போகவில்லை. முதுகெல்லாம் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அத்தான் வாரத்தில் ஐந்து நாள் வெளியூர்க் கட்டடங்களில் கிடப்பார். சின்னவள் விடுதியில் இருந்தாள், முதுகலை இரண்டாம் ஆண்டு. ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை வருவாள், அம்மா பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தலையைத் தடவுவாள், ஞாயிறு மதியம் பஸ் ஏறிவிடுவாள். அதையும் அக்கா குறையாகச் சொன்னதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குத்தான் கோபம் வருகிறது.

துறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மூன்றாவது மாடியில் நான்கு அறை, கீழே வேதியியல் கூடம். அழுகிய முட்டை நாற்றத்தின் நடுவேதான் மோட்சம், முக்தி, மறுபிறவி எல்லாம் அலசப்பட்டன. எல்லா மதத்துப் புனித நூல்களும் ஒரே கண்ணாடி பீரோவில் இருந்தன. நூலக உதவியாளர் அவற்றை உயர வரிசையில் அடுக்கி வைத்திருந்தார், அதனால் சண்டை இல்லை. அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் தனக்கு நேரில் தெரிந்த ஓர் அறச்சிக்கலை எழுதிக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பெயர் கேஸ். வகுப்பு அதை வைத்து இரண்டு மணி நேரம் வாதாடும், கடைசியில் கை தூக்கி ஓட்டெடுப்பு. நல்ல கேஸ்களைப் பேராசிரியர் எண் போட்டுத் தொகுப்பில் சேர்ப்பார், அடுத்தடுத்த வருட மாணவர்கள் அதைப் படிப்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை: பெயர், ஊர், தொழில் மூன்றையும் மாற்றிவிட வேண்டும். மாற்றிவிட்டால் யாருக்கும் துரோகம் இல்லை என்று அந்த மூன்றாவது மாடியில் எல்லாரும் நிஜமாகவே நம்பினார்கள். அறத்தையே படிப்பாகப் படித்தவர்களுக்கு மட்டும்தான் இப்படி ஒரு நம்பிக்கை வரும்.

அம்மா ஒரு காலையில், கஞ்சி ஸ்பூன் வாயருகே போகும்போது, போய்விட்டாள். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சின்னவள் வந்திருந்தாள். இருவரும் அம்மாவின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தார்கள், ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு. பாதி மடிப்பில் அக்கா நின்றுவிட்டாள்.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். யார்கிட்டயும் சொல்லல. உங்க அத்தான்கிட்ட கூட.”

“சொல்லுக்கா.”

“அம்மா போறதுக்கு மூணு நாள் முன்னாடி. அம்மாவப் பொரட்டிப் படுக்க வச்சிட்டு வந்து மெஷின்ல உக்காந்தேன். கண்ணு சொருகி, ஊசி விரல்ல எறங்கிடுச்சு. அம்மா உள்ள கத்திக்கிட்டே இருக்கா. அப்ப சாமிகிட்டக் கேட்டேன். ‘அம்மாவ எடுத்துக்கோ, இல்லன்னா என்னை எடுத்துக்கோ. யாராவது ஒருத்தர விட்டு வை’ன்னு. சும்மா வாய்க்கு வந்து கேக்கலடீ. மனசாரக் கேட்டேன். மூணாம் நாளு அம்மா போயிட்டா.”

அக்கா விரிப்பின் தன் முனையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“நீதான் இதெல்லாம் படிக்கிறியே. சொல்லு. அது பாவமா?”

‘இல்லக்கா.’ அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வேண்டுமானால் முனையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு கட்டிப்பிடிப்பு. படிக்காத தங்கையாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் சின்னவளுக்கு அந்த நேரம் தலைக்குள் மணி அடித்தது. எண்ணம் வேறு, செயல் வேறு. வேண்டுதல் ஒரு செயலா. கேட்டதற்கும் நடந்ததற்கும் தொடர்பு உண்டா. தனக்கும் சேர்த்துச் சாவு கேட்டால் அது தற்கொலை எண்ணத்தில் சேருமா. இப்படி ஒரு கேள்வியை அவள் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு உற்சாகமாகக்கூட இருந்தது.

“அது கொஞ்சம் சிக்கலான கேள்விக்கா. நான் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றாள், ரயில் நேரம் கேட்டவருக்குச் சொல்வது போல.

அக்கா தலையை ஆட்டினாள். மடிப்பை முடித்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போதே சின்னவள் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டாள். பெயரை எடுத்தாள். ஊரை எடுத்தாள். தையல்காரியைத் தட்டச்சுக்காரியாக ஆக்கினாள். அக்கா சாமியிடம் கேட்ட அந்த ஒரு வரியை மட்டும் அவளால் மாற்ற முடியவில்லை. மாற்றினால் உயிர் போய்விடும் என்று தோன்றியது, அப்படியே வைத்தாள்.

பேராசிரியர் அந்த வரியை வகுப்பில் இரண்டு முறை வாசித்துக் காட்டினார். இரண்டு மணி நேர வாதம் மூன்று மணி நேரம் போனது. பதினோரு பேர் பாவம் என்று கை தூக்கினார்கள், ஒன்பது பேர் இல்லை என்றார்கள். சின்னவள் எந்தப் பக்கமும் தூக்கவில்லை. கேஸ் கொண்டுவந்தவருக்கு ஓட்டு இல்லை என்பது விதி. அந்த வருடத்தின் முதல் மதிப்பெண் அவளுக்கு. தொகுப்பில் அது பதினேழாம் எண்.

அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்காமல் இல்லை. பரீட்சை முடியட்டும் என்று நினைத்தாள். ஆய்வுப் பட்டம் முடியட்டும் என்று நினைத்தாள். வேண்டுதல் பற்றியே ஆய்வு செய்து முந்நூறு பக்கம் எழுதினாள், அதிலும் ஒருபுறம், மறுபுறம். அக்கா மறுபடி கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதால் மறந்துவிட்டாள் என்று சின்னவள் எடுத்துக்கொண்டாள். நமக்கு வசதியாக இருப்பதை எல்லாம் நாம் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம்.

அம்மா போன மறுவருடம் அக்காவுக்கு ஒரு பெண் பிறந்தாள். வாயாடி, கெட்டிக்காரி. பத்தொன்பது வயதில் அதே பல்கலைக்கழகத்தில் கணக்குப் படிக்கப் போனாள். கணக்குப் படிக்கிற பிள்ளைகளும் ஒரு தாள் அறவியல் எடுக்க வேண்டும் என்று புதிதாக ஒரு விதி வந்திருந்தது. அந்த விதியைக் கொண்டுவரச் சொல்லிப் போராடியதே சின்னவள்தான்.

ஒரு விடுமுறை நாள். சின்னவள் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். அக்கா யாருடைய கால்சட்டைக்கோ அடிமடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். பெண் ஒரு தாள்கட்டோடு கூடத்துக்கு வந்தாள்.

“சித்தி, உங்க துறையில எங்கேந்துதான் இந்தக் கேஸெல்லாம் பிடிக்கிறீங்க? அம்மா, இதக் கேளேன். ஒரு டைப்பிஸ்ட். அவங்க அம்மா படுத்த படுக்கை. இந்தம்மா என்ன வேண்டிக்கறா தெரியுமா?”

சின்னவள் “அது இப்ப எதுக்கு” என்று எழுந்தாள். பெண் நிறுத்துகிற ரகம் இல்லை. அந்த வரியை நடித்தே காட்டினாள், கையைக் கூப்பிக்கொண்டு, ஒரு எழுத்துப் பிசகாமல்.

மெஷின் நின்றது. அக்கா நிமிர்ந்து தங்கையைப் பார்க்கவில்லை. பெண்ணைத்தான் பார்த்தாள்.

“இதுக்கு என்ன விடை போட்டிருக்கு?”

“விடையெல்லாம் கிடையாதும்மா. பேசணும், அவ்வளவுதான். கடைசியில ஓட்டுப் போட்டோம்.”

“நீ எதுக்குப் போட்ட?”

“நான் தப்புன்னுதான் கை தூக்கினேன். பெத்த அம்மாவப் போய் யாராவது...”

“சரி, சாப்பாடு ஆறுது. வாங்க” என்றாள் அக்கா.

அன்று எல்லாருக்கும் அவளே பரிமாறினாள். சின்னவளுக்கு இரண்டாம் முறை கேட்டுப் போட்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. ‘என் வயித்தெரிச்சல எடுத்துட்டுப் போயி ஊருக்கே படிக்கக் குடுத்துட்டியேடீ’ என்று நாலு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்து அழுதிருக்கலாம். அக்கா அந்த வாய்ப்பைத் தரவில்லை. அதற்குப் பிறகு அவள் தங்கையிடம் பேசியதெல்லாம் மழை வருமா, பஸ் கிடைத்ததா, முட்டிவலி எப்படி. ஆறு வருடம். சின்னவள் மறுவாரமே பதினேழாம் கேஸைத் தொகுப்பிலிருந்து நீக்கினாள். நீக்கியதை அக்காவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. சொன்னால் சேர்த்ததையும் சொல்ல வேண்டும். மன்னிப்பைப் பற்றி வருடாவருடம் ஆறு வகுப்பு எடுப்பவளுக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை.

அப்புறம் அத்தானுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாகத்தான் முடிந்தது என்றார்கள். நான்காம் நாள் கிருமி ஏறி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். பெண் வேலை பார்க்கும் ஊரிலிருந்து மறுநாள்தான் வந்து சேர முடியும். சின்னவள் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்தாள்.

மதியம் மூன்று மணி. நீளமான நடை, சுவரோரம் இரும்பு நாற்காலிகள், பச்சை அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு முறைக்குக் காத்திருக்கிறவர்கள். நடையின் கோடியில் பிரார்த்தனை அறை. எந்த மதத்தவரும் வரலாம் என்பதால் எந்தப் படமும் இல்லை. ஒரு கம்பளம், நான்கு நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் செடி. அத்தான் வீட்டு ஆட்கள் மாறி மாறி அதற்குள் போய் வந்தார்கள். அக்கா மட்டும் அந்தப் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாகத் தூங்கவில்லை, கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

“அக்கா, நீயும் கொஞ்ச நேரம் உள்ள போய் உக்காரேன். ஆறுதலா இருக்கும்.”

“வேணாம்.”

“அஞ்சு நிமிஷம்.”

“நான் வேண்டிக்கறத விட்டு இருபத்தாறு வருஷம் ஆச்சுடீ” என்றாள் அக்கா.

அக்கா தரையைப் பார்த்தபடியே பேசினாள். “ஒரே ஒரு தடவதான் மனசாரக் கேட்டேன். மூணே நாள்ல குடுத்துட்டாரு. அப்புறம் வாயத் தொறக்கவே பயம். புள்ளைக்குக் காய்ச்சல் கண்டப்ப கூடக் கேக்கல. இப்ப இவரு உள்ள கெடக்காரு. காப்பாத்துன்னு தொண்ட வரைக்கும் வருது. பின்னாடியே, கஷ்டப்படுத்தாம எடுத்துக்கோன்னும் வருது. வாயத் தொறந்தா எது முதல்ல விழும்னு எனக்கே தெரியல. அதான் போகல.”

இருபத்தாறு வருடம். இந்தப் பெண்பிள்ளை தெரியாமல் ஆளைக் கொன்றுவிட்டவள் மாதிரி வாயைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறாள். சின்னவளோ அந்தக் கட்டை அவிழ்க்கும் ஒற்றைச் சொல்லைப் பையில் வைத்துக்கொண்டு கருத்தரங்கு கருத்தரங்காக ஏறி இறங்கியிருக்கிறாள்.

“அது பாவம் இல்லக்கா” என்றாள் சின்னவள். சொல்லும்போதே அழுகை முட்டியது. “பாவமே இல்ல.”

“புஸ்தகத்துல இருக்கா, நீயா சொல்றியா?”

“நானா சொல்றேன்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?” அக்காவின் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“உன் கேள்விய எடுத்துட்டுப் போய் மார்க் வாங்கிட்டேன்க்கா. என்னை மன்னிச்சிடு.”

“அதெல்லாம் அப்புறம். நீ எனக்கு ஒண்ணு செய். எனக்குப் பதிலா நீ உள்ள போ. அவர் பொழைக்கணும்னு மட்டும் கேளு. வேற எதையும் சேத்துடாத. உனக்குத்தான் கேக்கற முறையெல்லாம் தெரியும்.”

சின்னவள் போனாள். அறையில் யாரும் இல்லை. கம்பளத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். ‘கடவுளே’ என்றாள் மனதுக்குள். உடனே எந்தக் கடவுள் என்று அவளே அவளைக் கேட்டாள். கேட்டால் மனம் மாறுகிற கடவுள் என்றால், கேட்காதவன் வீட்டில் சாகவிடுவாரா? மாறாதவர் என்றால் கேட்டு என்ன பயன்? இது நான்காம் வாரப் பாடம், அவளே எழுதிய குறிப்பு. அதைத் தள்ளிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். ‘அத்தான்’ வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. வேண்டுதலைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியவள் கடைசியாக எப்போது வேண்டினாள் என்று யோசித்தாள், நினைவில் இல்லை. பக்கத்துக் குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. வெட்கம் தாங்காமல் எழுந்து வெளியே வந்தாள்.

“கேட்டியா?” என்றாள் அக்கா.

“கேட்டேன்க்கா.”

அக்கா அவள் தோளில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அத்தான் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்துச் சின்னவள் அக்கா வீட்டுக்குப் போனாள். வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டிருந்தார்கள். அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு சட்டையின் தோள்பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து, பிரித்த இடத்தில் நூல் எடுத்துக் கொடுத்தாள். வருகிற வழியெல்லாம், உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தாள். நான் கேட்கவில்லை அக்கா, எனக்குக் கேட்க வரவில்லை என்று. வாயெடுப்பதற்குள் அக்கா பேசினாள்.

“அன்னிக்கு நீ மனசாரத்தான கேட்ட? பொழைக்கணும்னுதான?”

சின்னவள் ஒரு நூலை எடுத்தாள். “ஆமாக்கா.”

“எனக்குத் தெரியும். உனக்கு அவருன்னா உசுரு.” அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “பத்து நாளா இதத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். நீ இவ்வளவு படிச்சவ. நீயே போய் மனசாரக் கேட்டும் அவரு போயிட்டாரு. அப்ப நாம கேக்கறதுக்கும் நடக்கறதுக்கும் சம்பந்தமே இல்ல போலருக்கு. அப்ப அம்மாவும் நான் கேட்டதுனால போகலடீ. அவ நேரம் வந்துச்சு, போனா. அவ்வளவுதான், இல்ல?”

“அவ்வளவுதான்க்கா” என்றாள் சின்னவள்.

அக்கா அழுதாள். இத்தனை நாள் சாவு வீட்டில் அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். இருபத்தாறு வருடம் முன்பு உண்மையைச் சொல்லியே இந்த முகத்தைப் பார்த்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும், அதற்குப் படிப்புகூட வேண்டியதில்லை. இன்று அது ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. இனி இந்தப் பொய்யை எடுக்க முடியாது, எடுத்தால் அக்கா விழுந்துவிடுவாள். இதைப் பெயரை நீக்கி, ஊரை நீக்கி எந்த வகுப்பிலும் வைக்கவும் முடியாது.

“நீ படிச்சது வீண் போகலடீ” என்றாள் அக்கா, சட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு. “உன்னாலதான் எனக்கு இது வெளங்கிச்சு.”

சின்னவள் தலையை நிமிர்த்தாமல் அடுத்த நூலைத் தேடினாள்.